மருத்துவமனைக்குப் பிறகு ஒரு கடை

கணவர் இறந்த பிறகு கார் வெகுநாள் ஷெட்டிலேயே கிடந்தது. விற்றுவிடச் சொன்னான் மகன். எனக்கு மனம் வரவில்லை. ராசிபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட்டப் பழகினேன். முன்னால் போவதில் பயம் போய்விட்டது. ரிவர்ஸ் மட்டும் கைக்கு வரவில்லை. எங்கே நிறுத்தினாலும், நேராகவே வெளியேற வழியிருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்துவேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவர்களைக் காசு வாங்காமல் அழைத்துப் போய்வருவதாக அந்தச் சமயத்தில் கேள்விப்பட்டேன். யாரை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வரும். முடிந்தவர் "நான் போறேன்" என்று போடுவார். எல்லோரும் ஆண்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கண் பரிசோதனை, பல் வைத்தியம் என்று ராசிபுரம் வரைக்கும்தான் போவேன். சேலம் என்று வந்தால் நெரிசலுக்குப் பயந்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் ஒரு செய்திக்கு யாருமே பதில் போடவில்லை. ஒரு பெண்மணி மறுநாள் சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. சேலம் என்று தெரிந்தும் "நான் போறேன்" என்று போட்டுவிட்டேன்.

காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். காட்டு வயல்களில் களை வெட்டக் கூலிக்குப் போகிறவர். மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். கணவர் லாரி டிரைவர், லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். பஸ் நெரிசலில் யாராவது அந்த இடத்தில் இடித்துவிடுவார்களோ என்று இவருக்குப் பயம். அன்றைக்கு ஸ்கேன் முடிவைச் சொல்லும் நாள்.

"ஏனுங்க்கா, நீங்களேதான் ஓட்டுவீங்களா?" என்றார்.

"ஆமாங்க. மெதுவாத்தான் போவேன்."

"மெதுவாவே போங்க."

பின் சீட்டில் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். தோளில் குறுக்காக ஒரு துண்டு போட்டிருந்தார். அதைப் பிடித்த கையைச் சேலம் போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை. எனக்கு ரோட்டைப் பற்றிய கவலை, அவருக்கு ஸ்கேனைப் பற்றி.

டாக்டர் அறைக்குள் போகும்போது அவர் என்னையும் கூட வரச் சொன்னார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமில்லை. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் அறிமுகமானவருக்காக இவ்வளவு பயந்திருக்கிறேன். அவரோ தலையை மட்டும் ஆட்டினார். முகம் மாறவில்லை. புரியவில்லையோ என்று வராந்தாவில் நான் இன்னொருமுறை சொன்னேன்.

"புரிஞ்சுதுங்க்கா."

காரைக் கிளப்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "இப்படியே ஊட்டுக்குத்தான் போறமுங்களா?"

"ஏன், வேற எங்கயாச்சும் போகோணுமா?"

நான் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"ஒரு பக்கம் ஜாக்கெட்டுக்குள்ள துணியைச் சுருட்டி வச்சுக்கறேனுங்க. குனிஞ்சா அது மேல ஏறிக்குது. நாலு பேரோட காட்டுல எப்படிங்க உக்கார்றது? ஆப்பரேசன் ஆனதுலருந்து வேலைக்கே போகலை. அதுக்குன்னே பஞ்சு வச்சுத் தச்ச உள்பாடி இங்க கடைவீதில கிடைக்குதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. இதுக்கு முன்னால கூட்டியாந்தவங்கல்லாம் அண்ணனுங்க. தங்கமானவங்கதான். ஆனா அவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?"

"கேட்டீங்களே, அதுவே போதும். வாங்க போலாம்" என்றேன்.

விசாரித்து விசாரித்துப் போனதில் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நுழைந்த பிறகுதான் கவனித்தேன், சந்து கடையோடு முடிந்துவிட்டது. திரும்பும்போது ரிவர்ஸிலேயேதான் வந்தாக வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

கடையிலிருந்த அம்மாவிடம் நான்தான் மெல்லச் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேல் தட்டிலிருந்து பெட்டிகளை எடுத்தார். இவரைத் திரை மறைவுக்கு அழைத்துப் போய்ப் போட்டுக்காட்டினார். திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. துணி அடுக்குகளுக்கு நடுவே தரையில் குந்தி உட்கார்ந்தார். கையில் களைக்கொத்து இருப்பதுபோல் வெட்டினார். அப்படியே இரண்டு எட்டு முன்னால் நகர்ந்து மறுபடி வெட்டினார். தோளைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"ஏறலைங்க்கா. அங்கயேதான் இருக்குது."

கடைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பில் போடப் போய்விட்டார்.

வெளியே வந்தால் சந்து முனையில் பைக்குகள் நின்றன. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். "ரிவர்ஸ் வராதுங்களா?" என்றார். வராது என்றேன். துண்டை மடித்துச் சீட்டில் வைத்துவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நின்றார். கல்யாணமான புதிதில் கணவரோடு லாரியில் போய், ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுத்துப் பழக்கமாம்.

"வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க. பயப்படாதீங்க, நானிருக்கறன். ஹோல்டான், நிறுத்துங்க."

பைக் வைத்திருந்த ஒருவரை வண்டியை எடுக்கச் சொல்லி அதட்டினார். கார் எங்கும் உரசாமல் ரோட்டுக்கு வந்தது. எனக்குச் சட்டென்று உடம்பு லேசாகிவிட்டது. இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் கணவருக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆமாங்க, சுத்தமா இருக்குதாம். நீங்க பாத்து வாங்க." குரல் உடைந்து, அழுது, மூக்கைச் சிந்தி, அப்புறம் பசிக்கிறது என்றார். வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்திச் சாப்பிட்டோம். முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். மஞ்சள் காட்டில் களை அதிகமாம், திங்கட்கிழமையே போகலாமாம்.

அன்றிரவு குழுவில் ஒரு செய்தி போட்டேன். பெண்களை அழைத்துப்போக வேண்டுமென்றால், சேலமானாலும் முதலில் என்னைக் கேளுங்கள் என்று.