எண்ணெய்க் கை கீப்பர்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிற ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஃபுட்சால் டீம் வைத்திருக்கிறோம். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு நான் சிரிப்பு வராத இடமாகப் பார்த்துச் சொல்லும்போது தொந்தரவாக இருக்கும்.

ஃபுட்பாலைச் சுருக்கி ஒரு கட்டடத்துக்குள் அடைத்தால் அதுதான் ஃபுட்சால். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து கொஞ்சம் சின்னது, அதிகம் துள்ளாது. தென்காசியில் அதற்குக் கட்டடம் கிடையாது. வாழைத்தோப்புக்குப் பக்கத்தில் வலை கட்டி, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்த டர்ஃப்தான் இருக்கிறது. அங்கே நான் கோல்கீப்பர். திறமையைப் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை. ஓட முடியாதவனை எங்கேயாவது நிறுத்த வேண்டுமே.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று ஆட்களைத் திட்டுவார்கள். என்னை அப்படித் திட்ட முடியாது. எங்கள் ஊர் சாரலுக்கு நான் நிறைய ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கோல் கணக்கு வாசிக்க அது போதும்.

எங்கள் கோல் கணக்கு வாசிக்கிற மாதிரி இருக்காது. ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. காரணம் எண்ணெய். காலையிலிருந்து ஊரார் முதுகில் கிடந்த கை, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் சாயங்காலம் மினுமினுவென்றுதான் இருக்கும். பந்தைப் பிடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். பந்து வலைக்குள் போய் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

போன வருஷம் சீசன் சமயத்திலேயே டர்ஃப் மேனேஜர் அடுத்த பொங்கலுக்கு ஒரு போட்டி அறிவித்தார். பேர் கொடுக்கப் போனோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னவே, நீரும் வந்துட்டீரா? வராதன்னு சொல்லல. கேட்டுப் பக்கத்துல ஒரு பெஞ்சு போட்டுத் தாரேன். ஆடுத பயலுவளுக்குக் காலப் பிடிச்சு விடும். ஒமக்கு எதுக்குவே ஆட்டம்?”

“நாங்களும் டீம்தான அண்ணாச்சி.”

“ஒரு மேட்ச்சு ஜெயிச்சிருக்கியளா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பெஞ்சுதான் உறுத்தியது. எண்ணெய் தேய்ப்பது எனக்குக் கேவலம் இல்லை, அதில்தான் சோறு. ஆனால் சட்டை மாற்றி, பூட்ஸ் போட்டு வந்து நிற்கிறவனிடம் போய்க் காலைப் பிடி என்றால்? நாங்கள் ஆடுகிறவர்களா, ஆடுகிறவர்களுக்குத் தேய்த்துவிடுகிறவர்களா? அந்தப் பொங்கலுக்குள் அது தெரிந்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரத்தில்தான் லீவில் வந்த ஒரு பட்டாளத்துக்காரர் தேய்த்துக்கொள்ள வந்தார். சிவகிரிக்காரர். முதுகு கல் மாதிரி இருந்தது. பேச்சுவாக்கில் என் டீம் கதையைச் சொன்னேன்.

“இந்தியாவுக்கே ஃபுட்சால் டீம் இருக்கு, தெரியுமாவே?” என்றார்.

“இருக்கா? எப்படி ஆடுதாங்க?”

“இப்பத்தான ஆரம்பிச்சிருக்காங்க. மத்த நாட்டுக்காரன் வருசக்கணக்கா ஆடுதான். நம்மாளு ஆசியாக் கோப்பைக்குத் தகுதி ஆட்டம் ஆடப் போனாங்க. எல்லாம் தோல்வி.”

“ஒண்ணுகூடவா ஜெயிக்கல?”

“ஒண்ணுகூட.”

“அப்ப அது நம்ம டீம்தான் அண்ணாச்சி!”

அன்றிலிருந்து நான் இந்தியா ஃபுட்சால் அணிக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டேன். பழைய ஆட்டங்களை செல்லில் தேடித் தேடிப் பார்த்தேன். நம் பையன்கள் ஓடுவார்கள், விழுவார்கள், கோல் வாங்குவார்கள், பந்தை எடுத்து நடுவில் வைத்து மறுபடி ஓடுவார்கள். அந்த மறுபடி ஓடுவதுதான் எனக்குப் பிடித்தது. கிரிக்கெட்டில் தோற்றால் ஊரே துக்கம் கொண்டாடுகிறது. இவர்கள் தோற்றது யாருக்கும் தெரியாது. தெரியாத தோல்விக்கு வீட்டுக்கு வந்து தானே ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டும். அது எப்படி என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரிக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “ஒங்களத் தேடிப் பிடிச்சு நாடே கூட்டு சேந்திருக்கு” என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுபடி மேனேஜரிடம் போனேன். டர்ஃபுக்கு எதிர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி ஆட்கள்.

“அண்ணாச்சி, இந்தியா டீமு ஒரு மேட்ச்சும் ஜெயிக்கல. அதுக்காக அவங்கள ஆடாதன்னு சொன்னாங்களா?”

“அப்படி வாரீரா? சரி. இந்தியா ஒண்ணு ஜெயிக்கட்டும்வே. அன்னைக்கே ஒம்ம டீமச் சேத்துக்கிடுதேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நடக்காத காரியத்துக்கு வாக்கு கொடுப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அடுத்த தகுதி ஆட்டங்கள் சீசன் வடிகிற சமயத்தில் வந்தன. ஒரு நாள் வடகரையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய்ப் பாட்டிலில் செல்லைச் சாய்த்து வைத்து ஒரு கண்ணால் ஆட்டம் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். படம் நின்றுபோனது. விரலால் தொட்டால் எண்ணெய், அசையவில்லை. மூக்கால் தொட்டேன். மச்சினனுக்குப் போன் போய்விட்டது.

“என்னவே செய்தீரு? முதுகுல கை நின்னுபோச்சே” என்றார் தோப்புக்காரர்.

“இந்தியா ஆடுது அண்ணாச்சி. கொஞ்சம் இதப் பிடிங்களேன்.”

படுத்தவாக்கிலேயே பிடித்துக்கொண்டார். முதலில், “என்னது, அஞ்சு பேர்தான் நிக்கான்? மத்தவன்லாம் எங்க?” என்று கேட்டவர், கொஞ்ச நேரத்தில் “அடிலே! அடிலே!” என்று பலகை ஆட ஆடக் கத்தினார். இந்தியா ஜெயித்தது. நான் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

“ஏய்! முதுகுவே இது, மத்தளம் இல்ல!”

ஜெயித்தது அந்த ஒன்றுதான். கோப்பைக்கு அந்தத் தடவையும் போக முடியவில்லை. எனக்கு அது போதும். நாங்கள் ஐந்து பேரும் கட்டின துண்டோடு, மேலெல்லாம் எண்ணெய் வாசத்தோடு தென்காசிக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வசதியாகப் போனோம்.

அதே டீக்கடையில் இருந்த மேனேஜர் பேச்சை இழுத்தார். “ஜெயிச்சது இந்தியால்லா. நீங்களா ஜெயிச்சிய?”

“தோத்தப்ப ரெண்டு பேரையும் சேத்துச் சிரிச்சிய. இப்ப மட்டும் பிரிச்சா எப்படி?”

டீக்கடை பெஞ்சு முழுக்க என் பக்கம் சாய்ந்தது. மேனேஜர் எங்களைச் சேர்த்துக்கொண்டார்.

பொங்கல் அன்று வாசலிலேயே எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். சீயக்காய், சோப்பு, ஆற்று மணல் எல்லாம் போட்டுத் தேய்த்திருந்தோம். என் உள்ளங்கை கல்யாண மாப்பிள்ளையுடையது மாதிரி இருந்தது. எதிர் அணி திருவேங்கடம் ஊர்ப் பையன்கள். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவர்கள். சீக்கிரமே ஒரு கோல் போட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததை நானே நம்பவில்லை. வந்த பந்தெல்லாம் என் கையில் நின்றது! கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஆள் அடித்த பந்து, வெட்கப்பட்டுக்கொண்டே உருண்டு அவர்கள் கீப்பரின் காலிடுக்கில் நுழைந்தது. ஒன்றுக்கு ஒன்று. வலைக்கு வெளியே ஒரே கூச்சல்.

அப்போதுதான் அவர்களில் நெட்டையான பையன் என் கோலுக்கு முன்னால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். “அம்மா” என்று ஒரு சத்தம். மேனேஜர் விசில் ஊதினார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் துண்டில் சுற்றி என் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. அது இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அதை எப்போது எடுத்தேன், எப்போது திறந்தேன் என்று கேட்டால் தெரியாது. ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், என் கை போய்விட்டது. நரம்பைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தேன்.

“சொகமா இருக்கு அண்ணாச்சி” என்று எழுந்தான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதே பையனிடம் பந்து போனது. நான் சொகமாக்கிய அதே காலால் அடித்தான். நேராக என்னிடம்தான் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். பந்து குளியல் சோப்பு மாதிரி நழுவி, என் தோளுக்கு மேலே ஏறி, வலைக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசில்.

“எதுக்குலே எண்ணெயத் தொட்ட?” என்று எங்கள் ஆள் அழாத குறையாகக் கேட்டான்.

“நான் எங்கலே தொட்டேன்? கை தொட்டுச்சு!”

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. “பாத்தீரா? நான் அன்னைக்கே சொன்னேம்லா. ஒம்ம கைக்கு அதுதான் சோலி. அடுத்த வருசம் பெஞ்சு போட்டுத் தாரேன். பயலுவ எல்லாம் ஒம்மகிட்டதான் வருவானுவ.”

“ஆமா அண்ணாச்சி, வாங்க” என்றார்கள் பையன்களும்.

“பெஞ்சு போடுங்க அண்ணாச்சி. ஆனா உள்ள போடுங்க. அடுத்த வருசம் ஏழு பேரா வாரோம். மாத்து ஆளு உக்கார எடம் வேணும்லா.”

“தோத்துட்டுப் பேசுத பேச்சா இது?”

“இந்தியா அம்புட்டு மேட்ச்சு தோத்துச்சே. நீ ஆடாண்டாம், மத்த நாட்டுக்காரனுக்குக் காலப் பிடிச்சு விடுன்னு யாராவது சொன்னாங்களா? மறுபடி போனாங்க, ஒண்ணு ஜெயிச்சாங்க. எங்களுக்கு அந்த ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு. வாங்காம விட மாட்டோம்.”

பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கேட்டுப் பக்கத்தில் அந்த நெட்டைப் பையன் மறுபடி காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, திரும்பவும் பிடிச்சுட்டு. லேசா ஒரு இழுப்பு...”

கை போகப் பார்த்தது. துண்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“குற்றாலத்துக்கு வாலே, பலகையில படு, தேச்சு விடுதேன். இங்கன நான் கீப்பரு.”