மலை ரயிலின் கரும்புகை

நான் ஓட்டிய மலை ரயிலின் நீராவி என்ஜின்கள் முதலில் நிலக்கரியில் ஓடியவை. பிறகு ஒவ்வொன்றாக எண்ணெய்க்கு மாறின. எண்ணெய் எரிந்தால் குழாய்களில் கரி படியும். ஏற்றத்தில் ஒரு கை மணலை நெருப்பில் வீசினால், அது கரியைச் சுரண்டிக் கரும்புகையாக வெளியேற்றும். பயணிகள் கைதட்டுவார்கள். அதற்காகவே தேவையில்லாதபோதும் வீசினேன். பாதையோரக் குடியிருப்பில் என் மனைவி மூச்சிரைப்போடு இருந்தாள். என்ஜினே அப்படித்தான் புகை கக்கும் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

இப்போது கரியாலூர் என்ற மலையூரில் இருக்கிறோம். இன்று காலை மூடுபனி அறைக்குள் மெல்ல வந்து கட்டிலைச் சூழ்ந்தது. வீடே மலையேறிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே தெரியும்ங்க. இத சொல்ல இவ்ளோ வருஷமா?" என்றாள். "மொதல்ல ஜன்னலச் சாத்துங்க, மூச்சு வாங்குது."