மாப்பிள்ளை முகர்ந்து பார்த்த விஸ்கி

1996 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. கோவையில் எங்கள் வீட்டில் வழக்கம்போலத்தான் விடிந்தது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்ததும் குடங்களை நிரப்பினேன். உக்கடம் குளம் வரை நடந்துவிட்டு வந்து சவரம் செய்தேன். அன்று மட்டும் ஒரு கூடுதல் வேலை. சின்னச் சொம்பு ஒன்றில் அதே தண்ணீரைத் தனியாக மூடி வைத்தேன், மாலையில் விஸ்கியில் சில சொட்டு விடுவதற்கு.

நான் பஞ்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவன். வேலையாக வெளிநாடு போனால், திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்குவேன். நானும் உடன் வேலை பார்த்த நண்பரும் சிறிதளவு ஊற்றி, நிறம், வாசம், சுவை என்று பேசிப் பேசிப் பருகுவோம். நான் டைரியில் எழுதிக்கொள்வேன். எங்கள் குடி அவ்வளவுதான்.

அந்த முறை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது சாதாரண பாட்டில் அல்ல. இளம் வயதில் இருவரும் அங்கே பயிற்சிக்குப் போயிருந்தபோது, ஒரு மழை நாளில் ஒரே ஒரு முறை குடித்தது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் செய்வது. சதுப்பு நிலத்தில் வெட்டிய கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அந்தப் புகை வாசமும் டிஞ்சர் நெடியும்தான் அதன் உயிர். "சாகறதுக்குள்ள இன்னொரு தடவை குடிச்சுப் பாக்கோணுங்க" என்று நண்பர் சொல்லாத வருடமில்லை. மறுநாள் ரயிலில் அவர் மகள் வீட்டோடு இருக்க டெல்லிக்கே போகிறார். இந்த மாலையை விட்டால் வேறு மாலை இல்லை.

கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று பாட்டிலைத் திறந்து, கார்க்கைத் தளர்வாகச் செருகி மேஜையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டரில் அவரை அழைத்துவரப் போனேன்.

திரும்பியபோது என் மனைவியின் தம்பி காங்கேயத்திலிருந்து வந்திருந்தார். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மேஜையில் அதே பாட்டில். உள்ளே நிறம் மாறியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தனுங்க மாமா! உங்கள எவனோ ஏமாத்திப்போட்டானுங்க. ஒரே புகை வாடை, ஆஸ்பத்திரி நெடி. கள்ளச் சரக்குங்க. குடிச்சிருந்தா கண்ணு போயிருக்கும்."

"என்ன பண்ணுனீங்க மாப்ளை?"

"தென்னமரத்துக்கு ஊத்திப்போட்டனுங்க. பாட்டலு மட்டும் நல்ல பாட்டலு. சோப்புப் போட்டுக் கழுவி நம்ம எண்ணெய ஊத்தி வெச்சிருக்கறேன்."

அவர் மில்லில் புகை வாடை அடிக்கும் கொப்பரையை முகர்ந்து பார்த்த மாத்திரத்தில் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அந்த மூக்கின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! நான் வரும்வரை பொறுத்து ஒரு வார்த்தை கேட்க முடியாதா? அடுத்தவர் வீட்டு மேஜையில் இருப்பதைக் கொட்ட இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவரை முறைத்தேன்.

"உசுரக் காப்பாத்துனவன மொறைக்கறீங்களே!" என்று மனைவி என்னையே கடிந்துகொண்டு, தம்பிக்கு இரண்டாவது காப்பி கொடுத்தாள்.

நண்பர் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். "எண்ணெய் அருமைங்க" என்றார். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அந்தப் பழைய கார்க்க வீசிப்போடுங்க மாமா. கழுவியும் வாடை போகுல" என்றார்.

நண்பர் சட்டென்று அந்தக் கார்க்கை எடுத்தார். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். "அதேதானுங்க" என்றார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது ஒரு கார்க்.

மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கும் முன்பே, டைரியைத் திறந்தேன். நிறம்: காய்ந்த வைக்கோல். வாசம்: புகை, டிஞ்சர், கடல். சுவை என்று எழுதி, அப்படியே விட்டுவிட்டேன். மாப்பிள்ளை அன்பினால்தான் செய்தார். ஆனாலும் அன்புள்ளவர் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்ற கோபம், அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வருகிறது.