பகலில் ஹெட்லைட் பார்ப்பது

பெயிண்ட் வாசனை மூன்று நாளாக வீட்டுச் சோற்றிலும் அடித்தது. நாகலாபுரத்தில் அப்பா வாடகைக்கு ஓட்டிய பழைய காருக்கு 'எஃப்.சி.' நாள் நெருங்கினால் அப்படித்தான். வண்டி ஓட லாயக்கானதா என்று கோவில்பட்டியில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' பார்த்துச் சான்று தருவதற்கு முன், கிழட்டுக் காரை மாப்பிள்ளையாக்கிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதான அந்த ஆடி மாதம், அவரே பிரஷ்ஷைப் பிடித்து, பானெட்டுக்குள் இருந்த ஸ்க்ரூக்களைக்கூடக் கழற்றி, அடியிலெல்லாம் கறுப்படித்து, திரும்ப முடுக்கினார். சான்று கிடைக்காவிட்டால் ஆவணி முகூர்த்தங்களுக்குக் கார் ஓடாது. அந்தக் கல்யாண ஓட்டத்தை நம்பித்தான் வீடு இருந்தது.

புறப்பட வேண்டிய காலையில் ஹெட்லைட் இரண்டும் எரியவில்லை. ஹாரன் அடித்தது, பின்விளக்கு எரிந்தது, முன்னால் மட்டும் ஒன்றுமில்லை. அப்பா பல்பைக் கழற்றி இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தார், ஃப்யூஸைத் துடைத்தார், சுவிட்சைத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து, "ஏட்டி, எரியுதா?" என்பார். முன்னால் நின்று பதில் சொல்வது என் வேலை. அது நினைக்கிற அளவுக்கு லேசு இல்லை. எங்கள் கரிசல் வெட்டவெளியில் காலை எட்டு மணி வெயிலே கண்ணைக் கூசவைக்கும். விளக்குக் கண்ணாடியில் சூரியன் விழுந்தால் எரிகிற மாதிரியே இருக்கும். பத்தாவது தடவையோ என்னவோ, அப்படி ஒன்று மினுங்கியது. வெயில்தானோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கோவில்பட்டிக்கு என்னையும் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார், நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. "எரியுதுப்பா" என்றேன். அவர் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப ஏறு" என்றார்.

கோவில்பட்டியில் வண்டிகளைச் சோதிக்கிற மைதானத்தில் எங்கள் முறை வந்து, இன்ஸ்பெக்டர் விளக்கைப் போடச் சொன்னபோது எரியவில்லை. "இந்த வரிசை முடியுததுக்குள்ள சரிபண்ணுங்க, இல்லேன்னா இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். "வெயிலப் பாத்து ஏமாந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அது என் இரண்டாவது பொய்.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், பல்பு கோர்த்த வயரால் அங்கங்கே தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட் வருது அண்ணாச்சி, எர்த்துதான் கிடைக்கல. ஸ்க்ரூவுக்கு அடியிலயும் பெயிண்டப் போட்டு மூடிட்டீங்களே."

எர்த் என்றால் பூமி என்று பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பூமியாகவே கிடக்கிற ஊர்க்காரருக்கு அது கிடைக்காமல் போவது எப்படி என்று விளங்கவில்லை. விளக்குக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக, ஒரு வயர் கார் உடம்பின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். அந்த இடத்தையும் விடாமல் அப்பா அழகுபடுத்தியிருந்தார்.

அவர் ஸ்க்ரூவைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை பிளேடால் சுரண்டி, வயரை வைத்து முடுக்கினார். உள்ளே போய் சுவிட்சைப் போட்டார். நான் இரண்டு கையாலும் வெயிலை மறைத்து, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். இழை மஞ்சளாக எரிந்தது. "எரியுதுப்பா" என்றேன். கார்க் கதவு திறந்தது. அப்பா வந்து, என்னைப் போலவே கையைக் குவித்துப் பார்த்துவிட்டுத்தான் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடப் போனார்.

சான்று கிடைத்தது, ஆவணி முழுக்கக் கார் ஓடியது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது என் காரில் விளக்கு எரியாவிட்டால் முன்னாலுள்ள திரையே சொல்லிவிடுகிறது, வெயிலில் யாரும் நிற்க வேண்டியதில்லை. அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது, அப்பாவும் போய் வெகுகாலமாகிறது. கார் இருந்தவரைக்கும், "ஏட்டி, எரியுதா?" என்று அவர் என்னிடம்தான் கேட்டார். நான் சொன்னதும், ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து பார்த்தார்.