கையைச் சுருக்கிய கார்த்திகை

வடக்கனந்தல் குஞ்சம்மாளுக்கு ஆட்டு வியாபாரத்தில் இருபது வருஷப் பழக்கம். கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் ஆடு வாங்கி, கீழே வாரச்சந்தையில் விற்பாள். முதுகை ஒருமுறை அமுக்கினால் போதும், எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுவாள். ஓரகத்தி நிர்மலாவுக்கு இந்தத் தொழிலைக் காட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

அந்தக் கார்த்திகையில் இரண்டு பேருக்கும் சேர்ந்தே அடி விழுந்தது. ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறியை விட்டிருந்தார்கள். அடைமழை வேறு. மலையிலிருந்து இறக்கிய ஆடுகள் கழிச்சல் கண்டு இளைத்தன. தொடர்ந்து மூன்று சந்தை, வாங்கிய விலைக்குக் கீழேதான் தள்ளிவிட்டு வந்தார்கள்.

நஷ்டம்கூட குஞ்சம்மாளை அவ்வளவு அரிக்கவில்லை. நிர்மலாவின் முகம்தான் அரித்தது. அடி வாங்கினவள் போலவா இருக்கிறாள்? தலை நிறையக் கதம்பமும் கையில் சுடச்சுட வடையுமாக, நான்காம் வாரம் இரண்டே ஆட்டோடு வந்து நின்றாள்.

“இன்னாடி, ரெண்டே ரெண்டா?”

“ஆமாக்கா. நேரம் சரியில்லன்னா கைய சுருக்கிக்கணும். இதுவும் போச்சுன்னா அடுத்த வாரம் சந்தைக்கே லீவு. வுட்டத வுட்ட எடத்துலயே புடிக்கணும்னு நின்னா மொதலே பூடும்.”

அன்றும் இருவருக்கும் நஷ்டம்தான். நிர்மலாவுக்கு இரண்டு ஆட்டு நஷ்டம். குஞ்சம்மாளுக்கு எட்டு ஆட்டு நஷ்டம். நேற்று வந்தவள் தனக்கே பாடம் சொல்கிறாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே கம்மலைக் கழற்றி அடகு வைத்தாள்.

“இந்த வாரம் சும்மா இரேன்” என்றான் புருஷன் மாயவன்.

“அவ எதிர்ல நான் சும்மா குந்திக்கினு இருக்கணுமா?”

மலையிலிருந்து பதினான்கு ஆடுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்கினாள். மலை வளைவிலேயே ஒன்று செத்தது. மீதியைக் கசாப்புக்காரர்கள் கேட்ட விலைக்கே விட்டாள். நிர்மலா அன்று சந்தைப் பக்கமே வரவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஆடு செத்ததைவிட அதுதான் குஞ்சம்மாளுக்கு வலித்தது.

இரண்டு நாள் நிர்மலாவை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்ட, அவள் சொன்னது சரியென்றே பட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மூன்று ஆடு மட்டும் பிடித்தாள். கேட்டவர்களிடமெல்லாம், “முட்டி வலி. ஜாஸ்தி ஓட்டிக்கினு வர முடியல” என்றாள். நிர்மலாவைப் பார்த்துச் செய்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதே! நிர்மலாவோ அதை நம்பி, தைலம் வாங்கி வந்து கொடுத்தாள். அவள் கண்ணெதிரிலேயே நோகாத முட்டியில் அதைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த மூன்று ஆட்டிலும் நஷ்டம். ஆனால் தாங்கக்கூடிய நஷ்டம். அதற்கடுத்த வாரம் மலைக்கே போகவில்லை.

தை பிறந்தது. மழை விட்டது. மாலை கழற்றியவர்கள் கறிக்கடைக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்த பணத்தில் குஞ்சம்மாள் ஆறு ஆடு வாங்கி நல்ல விலைக்கு விற்றாள். போட்ட முதல் கையில் நின்றது. இன்னும் நாலைந்து சந்தையில் கம்மலை மீட்டுவிடலாம். நிர்மலா அன்று பதினைந்து இறக்கியிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் விற்றுப்போயின.

“அக்கா, வண்டி சொல்லியாச்சு. சேந்தே வூட்டுக்குப் போயிடலாம்” என்றாள் நிர்மலா.

“நீ போடி. எனக்கு வேல இருக்குது.”

வேலை ஒன்றும் இல்லை. வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்றிருந்துவிட்டு, குஞ்சம்மாள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.