ரேணுகாவுக்கு வந்த மூன்று சீட்டுகள்

தொழிற்சங்கம் நடத்துகிறவனை நள்ளிரவில் எழுப்பித் தமிழில் மிகக் கொடிய சொல் எது என்று கேட்டுப் பாருங்கள், 'சீட்டு' என்றுதான் சொல்வான். "அவன் சீட்டைக் கிழிச்சிட்டாங்க" என்று ஒருவர் வந்து சொன்னால், ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு நமக்கும் சோறு இறங்காது.

என் சீட்டு மெட்ராஸில் ஒரு பவுண்டரியில் கிழிந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மீதிப் படிப்பையெல்லாம் துண்டறிக்கைகளில்தான் படித்தேன், பிறகு துண்டறிக்கைகளை எழுதியும் படித்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் தலையெடுத்தபோது, கவரைப்பேட்டையில் ஒரு கொட்டகை போட்டுச் சங்கம் ஆரம்பித்தேன். மேடையேறுவதற்கு மட்டும் மெட்ராஸிலிருந்து காரில் வந்த தலைவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். நான் இன்னும் பஸ்ஸில்தான் போகிறேன். அது கிடக்கட்டும். என்னைப் போலவே சங்கம் நடத்திச் செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கொடிய சொல் எனக்கு ஒரு முறை இனித்தது.

வாயிற்கூட்டம்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ரோலிங் மில்லில் உலை வேலை பார்த்த முனிரத்தினத்துக்கு அன்று வார விடுமுறை. மத்தியான ஷிப்டு மாறுகிற நேரத்தில் அவன் கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தான். வரும்போதே, "மூணு சீட்டு! மூணு சீட்டு!" என்று கத்திக்கொண்டு வந்தான். வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். உள்ளே போக வேண்டியவர்கள் போகவில்லை. மூன்று பேருடைய சீட்டு கிழிந்துவிட்டது என்று ஒருவன் சொன்னான். அது உலைக்கூடம் வரை போவதற்குள் கோஷம் எழுந்துவிட்டது.

சந்தா வசூலுக்கு வாசலில் நின்றிருந்த எனக்கு யோசிக்க நேரமில்லை. வாசலில் கிடந்த சிமென்ட் குழாய் மேல் ஏறினேன். பழிவாங்கும் நிர்வாகத்தைப் பற்றி எனக்குத் தயாரிப்பே வேண்டாம், எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற நிர்வாகத்தின் ஆளதிகாரி ஓடிவந்து, யார் அந்த மூன்று பேர் என்று கேட்டார். நடிக்காதீர்கள் என்று அவரை ஒரு அதட்டு அதட்டினேன். அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. யாரையாவது நிறுத்திவிட்டு மறந்துபோயிருப்போமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல. அப்போது முனிரத்தினம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் காலைப் பிடித்து இழுத்தான்.

"தலைவரே, எறங்கு தலைவரே. சீட்டு கிழியல. சீட்டு கெடச்சிக்குது. நம்ம ரேணுகாவுக்கு, காலேஜில."

உள்ளே போனவன்

கோஷம் உடனே நிற்கவில்லை. 'ஒழிக' என்பது 'வாழ்க' ஆனது, அவ்வளவுதான். ரேணுகா முனிரத்தினத்தின் மூத்த மகள். பதினோராம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். மூன்று இடங்களுக்கு மனுப் போட்டிருந்தாள், மூன்றிலிருந்தும் கார்டு வந்துவிட்டது. ஒன்று, திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சி. இன்னொன்று, மெட்ராஸில் பெண்கள் பாலிடெக்னிக்கில் டைப்பும் சுருக்கெழுத்தும். மூன்றாவது, மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. என்கிற ஒரு வருடப் புகுமுக வகுப்பு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். உதவித்தொகை கிடைக்கும் என்பதால் செலவு பெரிய கவலையாக இல்லை. எதில் சேர்ப்பது என்பதுதான் கவலை. சேருகிற இடத்தில் பள்ளியின் டி.சி.யைக் கொடுத்துவிட வேண்டும். டி.சி. ஒன்றுதான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற பாசஞ்சர் ரயிலில் எங்கள் பெட்டியே மூன்று கட்சியாகப் பிரிந்தது. சீட்டாட்டம் நின்றுபோயிற்று. பி.யு.சி. என்றால் இன்னது என்று தெரியாதவனும் அதற்காக உயிரை விடத் தயாராக இருந்தான். வேலை நிறுத்தத்துக்குக் கை தூக்கத் தயங்குகிற வெல்டர் ஒருவன், ஹாஸ்டலில் ரொட்டிதான் போடுவார்கள், பெண் இளைத்துவிடுவாள் என்று எழுந்து நின்று பேசினான். நாயுடுப்பேட்டைக்காரர் ஒருவர் எரிச்சலாகி, இந்தப் பெட்டியில் யாராவது காலேஜுக்குள் கால் வைத்ததுண்டா என்று கேட்டார். மூலையிலிருந்து எங்கள் சங்கத்து ஏகாம்பரம் மட்டும் கையை உயர்த்தினான். இந்தக் கல்லூரிக்கே போயிருக்கிறேன் என்றான். பெட்டி மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"வெள்ளையடிக்கப் போனேன். ஏணி மேல நின்னு எல்லா க்ளாசையும் பாத்துக்கினேன். அங்கயே போடுங்க நைனா, சீலிங்கு நல்ல ஒசரம், வெயிலே தெரியாது."

அதிகாரியின் பரிவு

வாசலில் வியர்த்துப்போன அந்த ஆளதிகாரி இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டார். தோழர்களே, நிர்வாகம் நாற்காலி போட்டால் நாம் நின்றுகொண்டே பேசுவது நல்லது. நான் நின்றேன். முனிரத்தினத்தின் பெண் பாலிடெக்னிக்கில் டைப் படித்துவிட்டு வரட்டும், நம் அலுவலகத்திலேயே வேலை போட்டுக் கொடுக்கிறேன் என்றார் அவர். முகத்தில் பரிவு வழிந்தது. அவர் உண்மையாகத்தான் சொன்னாரோ என்னவோ, நான் அதையெல்லாம் ஆராய்கிறவன் இல்லை. கேட்டதை அப்படியே முனிரத்தினத்தின் வீட்டில் போய்ச் சொன்னேன்.

முனிரத்தினம் கொஞ்சம் மயங்கினான். மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற படம் அவன் கண்ணில் ஓடுவது எனக்கே தெரிந்தது. ஆபீஸ் வேலை, அப்பனோடு ஒரே ரயிலில் போய் ஒரே ரயிலில் வரலாம் என்றான். அவன் மனைவி கன்னியம்மா நாற்று முடியை அவிழ்த்த சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என்னைத்தான் கேட்டாள், புருஷனை இல்லை.

"நாளைக்கு இவரு சீட்டைக் கிழிக்க ஆர்டர் போட்டா, அத்த எம் பொண்ணுதான் டைப் அடிச்சிக் குடுக்கணுமாண்ணா?"

கை தூக்கியவர்கள்

பாலிடெக்னிக் கார்டு அன்று ராத்திரியே அடுப்புக்குப் போனது. மிச்சம் இரண்டு. பெட்டியில் சண்டை ஓயவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. போனஸா, ஷிப்டா, கேன்டீன் இட்லியா, எது வந்தாலும் நாங்கள் பொதுக்குழு கூட்டிக் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். இதையும் அப்படியே செய்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டத்தைக் கூட்டினேன். போனஸுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. கொட்டகைக்கு வெளியே சைக்கிள் நிறுத்த இடமில்லை. சலவைச் சட்டை போட்டு வந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

முனிரத்தினம் பேசியதும் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டத்தில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அவனுடைய அப்பனுக்கு ரயில்வே கன்ட்ராக்டில் சீட்டு கிழிந்தது. அவனுக்கு இந்த மில்லுக்கு வருமுன் மெட்ராஸில் கிழிந்தது. மச்சானுக்கு உரக் கம்பெனியில் கிழிந்தது. கிழிக்க முடியாத சீட்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார் சீட்டு, அதில் என் மகள் உட்காரட்டும் என்றான். கொட்டகையே கை தூக்கியது. பி.யு.சி.க்கு ஏகாம்பரம் ஒருவன்தான், சீலிங்கை நினைத்துக்கொண்டு கை தூக்கினான். நான் எழுந்து முடிவை அறிவிக்கப் போகும்போது, வாசல் பக்கம் அம்மாவோடு நின்றிருந்த ரேணுகா, "எனக்கு ஓட்டு கிடையாதா?" என்று கேட்டாள். சட்டப் புத்தகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பவர் எங்கள் பொருளாளர். அவர்தான் பதில் சொன்னார்.

"சந்தா கட்னவங்களுக்குத்தான் ஓட்டு, பாப்பா."

என் துண்டறிக்கை

இன்றைக்கும் சொல்கிறேன், வாக்கெடுப்பில் ஒரு தவறும் இல்லை. வாக்காளர் பட்டியல்தான் தவறு. ஆனால் அதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு திரும்பிய ரேணுகா நேராகக் கொட்டகைக்கு வந்தாள். சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த பழைய துண்டறிக்கை முன்னால் போய் நின்றாள். ஷிப்டு நேரத்தை நிர்வாகம் தானாக மாற்றியபோது போட்டது அது. கடைசி வரியை உரக்க வாசித்தாள்: 'உழைப்பவனைக் கேட்காமல் உழைப்பவனுக்காக எடுக்கும் எந்த முடிவும் அவனுக்கு எதிரான முடிவே.' வாசித்துவிட்டு, இது நீங்களே எழுதினதா தலைவர் மாமா, இல்லை மெட்ராஸிலிருந்து யாராவது எழுதிக் கொடுத்ததா என்று கேட்டாள்.

என்னை எதைச் சொல்லித் திட்டினாலும் தாங்குவேன், இதைத் தாங்கமாட்டேன். ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியதுதான் என்று கத்தினேன். அப்படியானால் என்னைக் கேளுங்கள் என்றாள். கேட்டேன். பி.யு.சி. என்றாள். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நானும் விடாமல் கேட்டேன். எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்ததுபோல எந்த முதலாளி கையெழுத்துப் போட்டபோதும் ஆனதில்லை.

"தெரியாது மாமா. டீச்சர் ட்ரெயினிங் போனா இன்னா ஆவேன்னு இப்பவே தெரிஞ்சி போச்சி. அங்க போனா இன்னா ஆவேன்னு இன்னும் தெரியாது. எனக்கு அதான் வேணும்."

பேசின் பிரிட்ஜ்

முதலாளியோடு பேச்சுவார்த்தை நடத்துவது சுலபம், அவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும். முனிரத்தினத்தோடு ஒரு வாரம் பேசினேன். உலைக்கூட வாசலில் பேசினேன், டீக்கடையில் பேசினேன், அவன் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து பேசினேன். சாட்சிக்கு ஏகாம்பரத்தையும் அழைத்துப் போனேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், "பொதுக்குழு முடிவு தலைவரே" என்று என் ஆயுதத்தை எடுத்து என் மேலேயே வீசினான். அவன் பிடிவாதக்காரன் இல்லை. பயந்தவன். கிழிந்ததைப் பார்த்தவனுக்குத்தான் கிழிவதன் சத்தம் தெரியும்.

இரண்டு இடத்திலும் சேருவதற்குக் கடைசி நாள் ஒன்றாகவே வந்தது. முனிரத்தினம், ரேணுகா, நான் மூவரும் மெட்ராஸ் போகிற காலை பாசஞ்சரில் ஏறினோம். கவரைப்பேட்டையிலிருந்து இரண்டில் எங்கே போவதானாலும் அந்த ரயில்தான். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறினால் திருவள்ளூர். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் மெட்ராஸ் சென்ட்ரல். பெட்டி நிறைய ராத்திரி ஷிப்டு முடிந்து மெட்ராஸ் பக்கம் வீடு திரும்புகிற நம் ஆட்கள்தான், எல்லாருக்கும் விஷயம் தெரியும். மெட்ராஸில் சம்பளப் பாக்கி வாங்கப் போகிறேன் என்று சொல்லி ஏகாம்பரமும் ஏறியிருந்தான். அப்படி ஒரு பாக்கி இருந்ததாக எனக்குத் தெரியாது. ரேணுகாவுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். அவள் டி.சி. இருந்த துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்னேரி போயிற்று, எண்ணூர் போயிற்று. வழக்கம்போலப் பேசின் பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றது. அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் ரயில்வேயைத் திட்டுவது என் வழக்கம். அன்று திட்டவில்லை.

முனிரத்தினம் எழுந்தான். இறங்கத்தான் எழுகிறான் என்று நினைத்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டையும் எடுத்து மகளின் கையில் வைத்தான். நாங்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சு, நீதான் போடவில்லை, போடு என்றான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரம் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ரேணுகா திருவள்ளூர்க் கார்டை எடுத்து நடுவில் ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி கிழித்தாள். முனிரத்தினம் அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி கிளம்பிய பிறகுதான் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நம்ம ஊட்ல எல்லாரு சீட்டையும் அடுத்தவன்தான் கிழிச்சான் நைனா. இது நானே கிழிச்ச சீட்டு."

சீட்டு கிழிவதைத் தடுக்கவே ஆயுளைத் தேய்த்த நான், ஒரு சீட்டு கிழிந்ததற்குப் பெட்டியில் முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டியது அந்த ஒரு நாள்தான், அதற்கு எந்தப் பொதுக்குழுவிடமும் நான் அனுமதி கேட்கவில்லை.