கூலிக்குச் சடுகுடு

என் அண்ணன் தேவசகாயம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவனுடைய வாசனை வந்துவிடும்; பல்லாவரம் தோல் கம்பெனியின் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த அந்த நாற்றம், அம்மா அவன் முழங்காலில் தேய்த்துவிடும் விளக்கெண்ணெய்க்குக்கூட அடங்காது. அந்த உடம்போடு அவன் தாம்பரம் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் இருந்த மைதானத்தில் சடுகுடு ஆட இறங்கும்போது எதிரணிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாலு பேரை அவுட்டாக்கிவிட்டு அவன் கோட்டுக்கு இந்தப்பக்கம் வந்து நின்ற பிறகு யாரும் சிரிப்பதில்லை. மூச்சு விடாமல் சடுகுடு சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் திரும்பி வருபவனை எங்கள் பக்கத்தில் 'பாடிப் போறவன்' என்பார்கள். அறுபதுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த வார்த்தையைச் சொன்னால் அது என் அண்ணனைத்தான் குறிக்கும்.

எங்கள் தெருச் சங்கத்தை நடத்தியவர், எல்லோரும் 'செக்ரட்டரி சார்' என்று கூப்பிட்ட ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசையில் உட்காருகிறவர். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் அண்ணனுக்கு அன்றைய கூலி போய்விடும், அவருக்கோ லீவு போட்டாலும் சம்பளம் வரும். ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஜெயித்துவிட்டு வந்தபோது, பரிசுப் பணத்திலிருந்து தான் இழந்த கூலியை மட்டும் தரும்படி அண்ணன் கேட்டான். "ஆட்டத்துக்குக் காசு கேக்கறவன் ஸ்போர்ட்ஸ்மேன் இல்லப்பா, கூலிக்காரன். நம்ம சங்கத்துக்கே அது கேவலம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவர் அவனைச் சங்கத்தை விட்டு நீக்கினார்.

அம்மா அன்றைக்கு அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் முணுமுணுத்தது பக்கத்தில் முழங்காலிட்டிருந்த எனக்குக் கேட்டது: "ஆண்டவரே, அவனுங்க கையக் கால ஒடிக்க வேணாம். கப்பு மட்டும் குடுத்துடாத." நானும் மனதார ஆமென் சொன்னேன்.

அண்ணன் கீழ்க்கட்டளைக்காரர்களுக்கு ஆடப் போனான். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, பஸ் காசும் வாங்கிக்கொண்டு ஆடிய முதல் ஆள் எங்கள் வட்டாரத்தில் அவன்தான். காட்டாங்குளத்தூர், வண்டலூர் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். எனக்கு முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு ஷூ வந்தது அந்தக் காசில்தான், அதைப் போட்டுக்கொண்டு செக்ரட்டரி சார் வீட்டு வாசல் வழியாக வேண்டுமென்றே சத்தம் வர நடப்பேன். எங்கள் தெருவில் அவனுக்கு 'கூலி தேவா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வாரம் முழுக்கத் தோல் கம்பெனியில் கூலிக்கு நின்றபோது வைக்காத பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் பந்தயத்தில், எங்கள் மைதானத்திலேயே, கடைசி ஆட்டம் கீழ்க்கட்டளைக்கும் எங்கள் தெருச் சங்கத்துக்கும் அமைந்தது. நானும் அம்மாவும் கயிற்றோரம் நின்றோம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், அந்தப்பக்கம் ஒரே ஆள், இந்தப்பக்கம் அண்ணன் ஒருவன் என்று நின்றது. அந்த ஒரே ஆள், செக்ரட்டரி சாரின் மகன் வில்சன். அண்ணன் பாடிக்கொண்டு உள்ளே போனதும் வில்சன் மூலையில் ஒடுங்கி அப்படியே நின்றுவிட்டான். தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், கோப்பை கீழ்க்கட்டளைக்கு.

அண்ணன் தொடவில்லை. வில்சனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செக்ரட்டரி சாருக்கு நேரே போய் நின்று, தொடையைத் தட்டித் தட்டி, அவர் முகத்துக்கு எதிரிலேயே சடுகுடு பாடினான். கூட்டம் விசில் அடித்தது. "புட்றா அவன!" என்று சார் மகனைப் பார்த்துக் கத்தினார், மகன் அசையவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதற்குப் பிறகு அண்ணன் மூலைக்குப் பாய்ந்தான். மூச்சு போதவில்லை. கை எட்டுவதற்குள் பாட்டு அறுந்தது, நடுவர் விசில் ஊதிவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் கேட்டான்: "அந்தாளு மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்டா. அதுக்கு ஒரு கப்பு போனாப் போவுது" என்றாள் அம்மா.

போனது கப்பு மட்டுமல்ல. தொட வேண்டிய ஆளைத் தொடாமல் ஒருவன் ஏன் நிற்க வேண்டும் என்று செக்ரட்டரி சார் ஊரெல்லாம் கேட்டார், பதிலையும் அவரே சொன்னார்: பந்தயம் கட்டியவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு தோற்றுவிட்டான், காசுக்கு ஆடுகிறவன் காசுக்குத் தோற்கவும் செய்வான். அவர் முகத்துக்கு எதிரில்தான் அண்ணன் மூச்சை முழுக்கச் செலவழித்தான் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் சொன்னார். கீழ்க்கட்டளைக்காரர்கள் அதை நம்பினார்கள். அதன் பிறகு எந்த ஊரும் அவனைக் கூப்பிடவில்லை. தோல் கம்பெனியிலேயே இருமி இருமி, தலை நரைப்பதற்குள் செத்துப்போனான். அவன் அன்றைக்கு அப்படி நின்றிருக்கக்கூடாது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், தோல் கம்பெனி இருந்த இடமும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. சடுகுடு ஆடுகிறவர்களை டிவியில் ஏலம் எடுக்கிறார்கள், யாரும் கேவலம் என்று சொல்வதில்லை. போன மாதம் வில்சன் என் வீட்டுக்கு வந்தார்; ரிடையராகி, கைத்தடியோடு. சங்கத்தின் ஆண்டு விழாவில் அண்ணன் பெயரில் ஒரு கோப்பை வைக்கப் போகிறார்களாம், காசுக்கு ஆடிய முதல் வீரன் என்று பெருமையாகப் போட ஒரு படம் வேண்டுமாம்.

"தர்றேன் வில்சண்ணா. எங்கண்ணன் காசு வாங்கிட்டுத் தோக்கல, உங்கப்பா சொன்னது பொய்னு மேடையில மைக்ல சொல்லுங்க. அன்னிக்கு உள்ள நின்ன ஆளு நீங்கதானே."

அவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். "அப்பா போய்ச் சேந்துட்டாரும்மா. இனிமே எதுக்கு அதெல்லாம்?"

"அவரு போயிட்டாரு. அவரு சொன்னது இன்னும் போகல" என்றேன்.

காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். படத்தைக் கொடுக்கவில்லை.